ஐடி வேலை போய் தஞ்சாவூருக்குத் திரும்பிட்டீங்களா? அடுத்த 90 நாளுக்கான கணக்கும் வழியும்

வேலை போன அப்புறம் வர்ற முதல் கேள்வி "அடுத்த வேலை எங்கே?" இல்லை. "வீட்ல என்ன சொல்றது?" அதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்து சென்னையிலேயே ரூம் வாடகை கட்டிக்கிட்டு, வேலைக்குப் போற மாதிரியே நடிச்சு, கையில இருக்கிற காசைக் கரைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. இந்தக் கட்டுரை அவங்களுக்கும், உழவன் எக்ஸ்பிரஸ்ல பெட்டியோட ஏறி ஏற்கெனவே தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைன்னு ஊருக்கு வந்துட்டவங்களுக்கும்.

இதுல மூணு விஷயம் பார்க்கப் போறோம். கம்பெனிகிட்ட இருந்து என்னென்ன வாங்கணும், கையில இருக்கிற பணம் எத்தனை மாசம் தாங்கும், டெல்டாவுல இருந்துகிட்டே அடுத்த வேலையை எப்படித் தேடறது.

முதல்ல ஒண்ணைத் தெளிவா வச்சுக்குவோம்

2025 ஜூலையில் டிசிஎஸ் தன்னோட மொத்த ஊழியர்கள்ல சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவங்களைக் குறைக்கப் போறதா அறிவிச்சது. அதுல பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்பில் இருக்கிறவங்கதான்னு அந்தக் கம்பெனியே சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் அமேசான் உலக அளவில் 14,000 அலுவலகப் பணியிடங்களைக் குறைக்கிறதா அறிவிச்சது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஆள் குறைக்கும்போது அது தனி ஒருத்தரோட திறமைக்கான மார்க் ஷீட் இல்லை. புராஜெக்ட் முடிஞ்சது, கிளையன்ட் செலவைக் குறைச்சான், மேல சம்பளம் வாங்கற அடுக்கு மெலிசா இருக்கணும்னு முடிவு பண்ணாங்க. இதை அப்பா அம்மாகிட்ட இதே வார்த்தையில சொல்லலாம். டெல்டாவுல மேட்டூர் தண்ணி வராத வருஷத்தைப் பார்த்தவங்க அவங்க. விளையாத வருஷம்னா என்னன்னு நமக்கு விட அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

ராஜினாமா கடிதம் கேட்டா உடனே எழுதிக் கொடுக்காதீங்க

நிறைய கம்பெனிகள் "நாங்க நீக்கறோம்"னு எழுதித் தர மாட்டாங்க. "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும்"னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் பணக் கணக்குல பெரிய வித்தியாசம் இருக்கு.

சட்டப்படி ஆட்குறைப்புன்னா, தொடர்ந்து ஒரு வருஷமாவது வேலை பார்த்த தொழிலாளருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், அதோட ஒவ்வொரு முழு வருஷ சேவைக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடா கிடைக்கணும். 1947-ஆம் வருஷத்து தொழில் தகராறு சட்டத்துல இருந்து வர்ற விதி இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதைத் தொடருது. கூடவே, ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு மறுதிறன் பயிற்சி நிதியா 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள்ள அவர் கணக்குக்கு வரணும்னும் சொல்லுது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா இந்த ரெண்டையும் கேட்கிற உரிமை பலவீனமாயிடும்.

"ஐடிகாரங்க எல்லாம் தொழிலாளர்ல வருவாங்களா?"ன்னு கேட்பீங்க. உங்க விசிட்டிங் கார்டுல என்ன போட்டிருக்குங்கிறது முக்கியம் இல்லை. நீங்க உண்மையில என்ன வேலை பார்த்தீங்கங்கிறதுதான் முக்கியம். கோடு எழுதறவங்க, டெஸ்ட் பண்றவங்க மாதிரி தொழில்நுட்ப வேலை செய்றவங்க வாதாட முடியும். நிர்வாக அதிகாரத்தோட இருக்கிறவங்க இந்த வரையறைக்கு வெளியே போயிடுவாங்க. ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம்னு தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கு. 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஐடி ஊழியரோட பணிநீக்கத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்ததும் நடந்திருக்கு. அதனால "ஐடிக்கு சட்டமே கிடையாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கூப்பிட்டு உட்கார வச்சுக் கேட்கும்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "இதை மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டு ரெண்டு நாள்ல பதில் சொல்றேன்." சண்டை போட வேண்டாம், அழ வேண்டாம். மெயில் வந்த அப்புறம் தொழிலாளர் சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. அதுக்கு ஆகிற கட்டணம் வீண் செலவு இல்லை.

வாங்க வேண்டிய பணம், வாங்க வேண்டிய பேப்பர்

சம்பள பாக்கி: வேலையை விட்டு நீக்கினாலும் சரி, நீங்களே விலகினாலும் சரி, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி 2 வேலை நாளுக்குள்ள சம்பள பாக்கியை முடிக்கணும். "45 நாள் ஆகும், 60 நாள் ஆகும்"னு பழைய பழக்கத்துல சொன்னா, இந்த விதியைச் சுட்டிக்காட்டி மெயில் போடுங்க.

கிராஜுவிட்டி: 5 வருஷம் முடிச்சிருந்தா ராஜினாமா பண்ணாலும் இது உங்க பணம். கணக்கு இப்படி: கடைசியா வாங்கின அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, சேவை வருஷத்தால பெருக்கணும். அடிப்படை 32,000, சேவை 6 வருஷம்னா ரூ. 1,10,769 வரும். 4 வருஷமும் சில மாசமும்தான் ஆகியிருக்கா? "எனக்குக் கிடையாது"ன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. மேட்டூர் பியர்ட்செல் வழக்குல, 4 வருஷம் முடிச்சு ஐந்தாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா 5 வருஷமா எடுத்துக்கலாம்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. நாள் கணக்கைப் பார்த்துட்டு, கடைசி தேதியை ஒரு ரெண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கிறதுகூட லட்சத்துக்குப் பக்கத்துல லாபமா முடியலாம்.

விடுப்புப் பணம்: எடுக்காத லீவுக்கு வர்ற பணத்துக்கு, தனியார் ஊழியர்களுக்கு வாழ்நாள்ல மொத்தம் 25 லட்சம் வரை, விதிமுறைக்கு உட்பட்டு வரிவிலக்கு இருக்கு.

வரி: இதைப் பலர் கவனிக்கிறதே இல்லை. கம்பெனி உங்க சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கும்போது, வருஷம் முழுக்க வேலை பார்ப்பீங்கன்னு நினைச்சுதான் பிடிக்கும். மாசம் 1.3 லட்சம் வாங்கினவர் அக்டோபரோட வேலை போச்சுன்னா, 7 மாசத்துக்கு 9.1 லட்சம்தான் வருமானம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. கம்பெனி கொடுத்த கூடுதல் தொகையையும் சேர்த்து வருஷ வருமானம் அதுக்குள்ள நின்னா, பிடிச்ச டிடிஎஸ் முழுக்க ரிட்டர்ன் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கலாம். வேலை இல்லைன்னு ரிட்டர்ன் போடாம விட்டுடாதீங்க. இந்த வருஷம்தான் அவசியம் போடணும்.

பேப்பர்: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி 6 மாத சம்பள ரசீது, ஃபார்ம் 16, பிஎஃப் கணக்குல வேலையை விட்ட தேதி. இந்தத் தேதியைக் கம்பெனி போடலைன்னா, கடைசி சந்தா கட்டி 2 மாசம் கழிச்சு நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம். ஆபீஸ் மெயில் மூடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் சொந்த மெயிலுக்கு எடுத்துக்கோங்க. ஆனா கம்பெனியோட கோடு, கிளையன்ட் டாக்குமென்ட் எதையும் தொடாதீங்க.

கையில எத்தனை மாசம் இருக்கு?

பேங்க் பேலன்ஸ் எவ்வளவுங்கிறதை விட, அது எத்தனை மாசம்ங்கிறதுதான் இப்போ உங்க சொத்து மதிப்பு. ஒரு உதாரணம் போடுவோம். சேமிப்பு 1.8 லட்சம், கடைசி செட்டில்மென்ட் 1.4 லட்சம், கிராஜுவிட்டி 1.1 லட்சம். மொத்தம் 4.3 லட்சம்.

சென்னையில மாதச் செலவு: வாடகை 15,000, சாப்பாடு 9,000, பெட்ரோல் 4,000, இஎம்ஐ 11,000, காப்பீடு 2,000, போன் 1,000, மத்த செலவு 6,000. ஆக 48,000. 4.3 லட்சம் கிட்டத்தட்ட 9 மாசம் தாங்கும்.

தஞ்சாவூர்ல சொந்த வீட்டுல: வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிறது 8,000, இஎம்ஐ 11,000, காப்பீடு 2,000, போன், நெட் 1,000, இன்டர்வியூ பயணம் சேர்த்து போக்குவரத்து 4,000, மத்தது 3,000. ஆக 29,000. அதே பணம் 14 மாசத்துக்கு மேல தாங்கும்.

இந்த 5 மாச வித்தியாசம்தான் ஊருக்கு வர்றதோட உண்மையான லாபம். 9 மாசம் கையில இருக்கிறவர் ஆறாவது மாசத்துல பயந்து கிடைச்ச வேலையைப் பிடிப்பார். 14 மாசம் இருக்கிறவர் பேரம் பேசுவார். "ஊருக்குப் போறது தோத்துப் போன மாதிரி"ன்னு நினைக்கிறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை தங்களோட எண்களை வச்சுப் போட்டுப் பாருங்க.

ஒரு விஷயம் கவனிங்க. வீட்டுக்கு 8,000 கொடுக்கிறதை நான் வேணும்னேதான் சேர்த்திருக்கேன். அப்பா "வேண்டாம்பா"ன்னுதான் சொல்லுவார். குறைச்சாவது கொடுங்க. வீட்டுல நம்ம நிலைமை என்னன்னு பேச்சு இல்லாமலே அது சொல்லிடும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பிஎஃப்-ஐக் கடைசியா வைங்க. வேலை போன உடனே பெரும் பகுதியை எடுக்க வழி இருக்கு. 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு, வேலை இழந்தா 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதியை 12 மாசம் கழிச்சு எடுக்கலாம்னு முடிவு பண்ணுச்சு. விண்ணப்பிக்கிற அன்னைக்கு என்ன விதி அமல்ல இருக்குன்னு பிஎஃப் இணையதளத்துல பார்த்துக்கோங்க. ஆனா எடுக்க முடியும்ங்கிறதால எடுக்கணும்னு இல்லை. 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி தொடர்ந்தா இன்னைக்கு எடுக்கிற 3 லட்சம், 25 வருஷத்துல 21 லட்சத்துக்கும் மேல ஆகியிருக்கும்.

எஸ்ஐபி-யை நிறுத்தி வைக்கலாம். இதுல குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனா ஏற்கெனவே இருக்கிற யூனிட்டை விக்கிறது கடைசிக்கு முந்தின கட்டம்.

மருத்துவக் காப்பீட்டை ஒரு நாள்கூட விடாதீங்க. கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். அதுல அப்பா அம்மாவும் இருந்தா, ஒரு ஆஸ்பத்திரி செலவு மேல போட்ட 14 மாசத்தையும் ஒரே வாரத்துல முழுங்கிடும். குரூப் பாலிசியில இருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தோட தனிநபர் பாலிசிக்கு மாற விதிகள்ல இடம் இருக்கு. அப்படி மாறினா ஏற்கெனவே கழிச்ச காத்திருப்பு காலம் வீணாகாது. கடைசி நாளுக்கு முன்னாடியே கேளுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லைங்கிறதும் ஒரு சின்ன ஆறுதல்.

இஎம்ஐ தாங்காதுன்னு தெரிஞ்சா, ஒரு தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேங்குக்குப் போய் காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்க. தவறின அப்புறம் போனா கடன்காரர். தவறுறதுக்கு முன்னாடி போனா வாடிக்கையாளர். கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டி ஓட்டவே கூடாது, மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி போட்டுருவாங்க. அவசரம்னா பேங்க் நகைக்கடன் அதை விட எவ்வளவோ மேல். ஆனா அது செலவை ஓட்டறதுக்கு மட்டும்தான், தொழில் ஆரம்பிக்கறதுக்கு இல்லை.

சரி, டெல்டாவுல வேலை எங்கே இருக்கு?

உண்மையைச் சொல்லிடறேன். தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில இருக்கிற மினி டைடல் பூங்கா 2024 செப்டம்பர் 23-ல் திறக்கப்பட்டது. 30.50 கோடி ரூபாய்ல, 55,000 சதுர அடி கட்டடம். நல்ல விஷயம்தான். ஆனா ஒரு ஆளுக்கு 100 சதுர அடின்னு வச்சா 550 பேர் உட்காரலாம். ஒரே ஒரு கம்பெனி குறைச்சவங்க 12,000 பேர். அதனால "ஊர்லயே ஐடி பார்க் வந்துடுச்சு, வேலை கிடைச்சிடும்"னு அதை மட்டும் நம்பி உட்காராதீங்க. அங்கே இருக்கிற கம்பெனிகளோட பேரைப் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணோட வேலைவாய்ப்புப் பக்கத்தையும் வாரம் ஒரு தடவை பாருங்க. அது போதும். தேடல் வட்டத்தைக் கொஞ்சம் பெரிசாக்கணும்.

முதல் வட்டம், திருச்சி. தஞ்சாவூர்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நவல்பட்டுல எல்காட் ஐடி பூங்கா இருக்கு. பஞ்சப்பூர்ல டைடல் பூங்காவுக்கு 2025-ல் அடிக்கல் நாட்டியிருக்காங்க. தினமும் போய் வரலாம், வாடகை கிடையாது. மேல போட்ட செலவுக் கணக்குல போக்குவரத்து மட்டும்தான் ஏறும்.

ரெண்டாவது வட்டம், பேங்க். கும்பகோணத்துல 1904-ல் ஆரம்பிச்ச சிட்டி யூனியன் பேங்கோட தலைமையகம் இன்னைக்கும் அங்கேதான் இருக்கு. ஐடி கம்பெனியில பேங்கிங் புராஜெக்ட் பார்த்தவங்க, வேலை கொடுக்கிற இடம்னா கம்பெனிதான்னு நினைச்சுட்டு, கிளையன்ட் பக்கமும் வேலை இருக்குங்கிறதை மறந்துடறாங்க. 2018 பிப்ரவரியில் இதே பேங்கோட ஸ்விஃப்ட் பணப் பரிமாற்றம் வழியா சுமார் 20 லட்சம் டாலர் மோசடியா அனுப்பப்பட்டது வெளியே வந்தது. இது மாதிரி நடந்த அப்புறம் எந்த பேங்குக்கும் சைபர் பாதுகாப்பு, தணிக்கை, கண்காணிப்பு வேலைக்கு ஆள் தேவை குறையாது. பொதுத்துறை பேங்குகள்லயும் ஐடி சிறப்பு அதிகாரி பணியிடங்கள் வருது. ஐபிபிஎஸ் சிறப்பு அதிகாரி தேர்வுல பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. அதனால 28, 29 வயசுல இருக்கிறவங்க இதை முதல்ல பாருங்க.

மூணாவது வட்டம், ரிமோட் வேலையும் ஜிசிசி-யும். வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவுல சொந்தமா நடத்தற இந்த மையங்கள் 1,700-க்கும் மேல இருக்கு, 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறாங்கன்னு நாஸ்காம் 2024-ல் கணக்கு சொன்னது. சென்னை, கோவையில இருக்கிற மையங்கள்ல வாரம் சில நாள் ஆபீஸ், மிச்ச நாள் வீடுன்னு கேட்டு வாங்க முடியுதான்னு பாருங்க. தஞ்சாவூர்ல இருந்து வேலை பார்க்கறதுன்னா ரெண்டு நெட் இணைப்பும், கரன்ட் போனா தாங்கற இன்வெர்ட்டரும் செலவு இல்லை, முதலீடு.

நாலாவது வட்டம், ஊரோட சொந்தத் தொழில். இதைத்தான் யாரும் கவனிக்கறதில்லை. அரிசி ஆலைகள், விதைக் கடைகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், மெடிக்கல் காலேஜ் ரோட்டைச் சுத்தி இருக்கிற ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், திருபுவனம் பட்டு, சுவாமிமலை சிலைகள். இவங்க எல்லாருக்கும் ஸ்டாக், பில், ஜிஎஸ்டி, ஆன்லைன் ஆர்டர்னு தினசரி தலைவலி இருக்கு. "நான் ஆப் பண்ணித் தர்றேன்"னு போய் நின்னா யாரும் சீண்ட மாட்டாங்க. "மாசக் கடைசியில உங்க ஸ்டாக் கணக்கு ஏன் இடிக்குதுன்னு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துச் சொல்றேண்ணே"ன்னு போங்க, உள்ளே விடுவாங்க. முன்பணம் பாதி, வேலை முடிஞ்சதும் பாதி, வருஷப் பராமரிப்பு தனின்னு எழுதி வாங்கிக்கோங்க. தெரிஞ்சவர்ங்கிறதால இலவசமா பண்ண ஆரம்பிச்சா, கடைசி வரைக்கும் இலவசம்தான்.

புதுக்கோட்டை ரோட்டுல இருக்கிற நிஃப்டெம் தஞ்சாவூரையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமா இருந்து வளர்ந்து, 2021 சட்டத்தால தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமா ஆனது. உணவு பதப்படுத்துதல்ல பயிற்சியும், புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கான வழிகாட்டலும் அங்கே கிடைக்கும். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், எரிவாயு எடுக்கிறது மாதிரியான புதுத் திட்டங்களுக்கு டெல்டாவுல தடை போட்டிருக்கு. அதனால இங்கே வளர்ற தொழில் பெரும்பாலும் விவசாயத்தை ஒட்டித்தான் இருக்கும்னு எதிர்பார்க்கலாம்.

சம்பளம் குறைவா சொன்னா ஒத்துக்கலாமா?

சென்னையில கைக்கு 85,000 வாங்கினீங்க, திருச்சியில 55,000 சொல்றாங்கன்னு வைங்க. 30,000 குறையுதுன்னு மனசு கேட்காது. மிச்சத்தைப் பாருங்க. சென்னையில 85,000-ல் 48,000 போனா 37,000 மிச்சம். தஞ்சாவூர்ல இருந்து போய் வந்தா, செலவு 29,000-த்தோட போக்குவரத்துக்கு இன்னும் 3,000 சேர்த்து 32,000. மிச்சம் 23,000. ஆக உண்மையான வித்தியாசம் 14,000.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அடுத்த கம்பெனி உங்க கடைசிச் சம்பளத்தை வச்சுத்தான் பேசும். வேலையில கத்துக்க எதுவும் இல்லைன்னா, அந்த 14,000 ரெண்டு வருஷத்துல 40,000 ஆகலாம். அதனால சம்பளம் குறைஞ்சா, வேலை உங்களைப் புதுசா ஏதாவது செய்ய வைக்கணும். பழைய வேலையையே குறைஞ்ச சம்பளத்துக்குப் பார்க்கிறதுன்னா, 6 மாசத்துக்கு மேல கையில பணம் இருக்கிற வரைக்கும் அவசரப்படாதீங்க.

10, 12 வருஷ அனுபவம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரெஸ்யூமேல "20 பேர் டீமை நிர்வகித்தேன்"னு மேல இருந்தா, அதைக் கீழே தள்ளுங்க. ஆள் குறைப்பு அந்த வரியைத்தான் குறிவைக்குது. உங்க கையால என்ன செய்ய முடியும், எந்தப் பிரச்சினையைத் தீர்த்தீங்க, அதனால எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் மிச்சமாச்சு. அது மேல வரணும்.

"பேசாம விவசாயம் பார்த்துடலாமா?"

மூணாவது மாசத்துல இந்தக் கேள்வி வரும். கணக்கு போடுவோம். 2025-26 பருவத்துக்கு தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையோட சேர்த்து அறிவிச்ச கொள்முதல் விலை, சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ. 2,545. ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைஞ்சதுன்னு வைப்போம். ரூ. 61,080. உழவு, நாத்து, நடவு, உரம், களை, அறுவடை மெஷின்னு 35,000 செலவுன்னா மிச்சம் 26,080. நாலு மாசப் பயிர்னா மாசத்துக்கு ரூ. 6,520. மூணு ஏக்கர் இருந்தா 20,000-த்துக்குக் கிட்ட. அதுவும் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கடைமடை வரைக்கும் தண்ணி வந்து, அறுவடை நேரத்துல மழை பெய்யாம, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள நின்னா.

விவசாயம் பண்ண வேண்டாம்னு சொல்லலை. அப்பாவுக்குத் துணையா நில்லுங்க, கத்துக்கோங்க. ஆனா சம்பளத்துக்கு மாற்றா நெல்லை நினைக்காதீங்க. நிலத்தை வித்து தொழில் ஆரம்பிக்கிற பேச்சு வந்தா, வேலை போன முதல் வருஷத்துல அந்த முடிவே எடுக்காதீங்க. பதட்டத்துல வித்த நிலத்தை நிதானத்துல திரும்ப வாங்க முடியாது.

தொழில் ஆரம்பிச்சே தீரணும்னா, அரசுத் திட்டங்களை முதல்ல பாருங்க. தமிழ்நாடு அரசோட நீட்ஸ் திட்டத்துல 25 சதவீத மானியம், 75 லட்சம் உச்சவரம்பு, கூடவே 3 சதவீத வட்டி மானியம் உண்டு. குறு உணவு பதப்படுத்தும் தொழிலுக்கு மத்திய அரசோட பிஎம்எஃப்எம்இ திட்டத்துல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். தகுதியும் இப்போ விண்ணப்பம் வாங்கறாங்களாங்கிறதும் தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்துல கேட்டா சொல்லுவாங்க. ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இந்த நேரத்துல உங்களைத் தேடி வர்றவங்க

வேலை போனவங்க லிஸ்ட்டைத் தேடற ஒரு கூட்டமே இருக்கு. "தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் ஒரு லட்சம்"னு நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர்ல சைபர் மோசடிக் கும்பல்கிட்ட மாட்டி, 2022-ல் மீட்கப்பட்டது செய்தியா வந்தது. அங்கே படிப்பறிவு இல்லாதவங்களைக் கூட்டிட்டுப் போகலை. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களைத்தான் கூட்டிட்டுப் போனாங்க.

டூரிஸ்ட் விசாவுல வேலைக்குக் கூப்பிட்டா போகாதீங்க. ஏஜென்ட் இ-மைக்ரேட் தளத்துல பதிவு பண்ணவரான்னு பாருங்க. லேப்டாப்புக்கு டெபாசிட், ட்ரெய்னிங் கட்டணம், ஆஃபர் லெட்டருக்குக் கட்டணம்னு கேட்டா அது வேலை இல்லை. டெலிகிராம்ல டாஸ்க் முடிச்சா காசு, உங்க பேங்க் கணக்கை வாடகைக்குக் கொடுத்தா காசுன்னா, நாளைக்கு போலீஸ் உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும். பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

90 நாள் திட்டம்

முதல் 10 நாள்: பேப்பர் வாங்கறது, மருத்துவக் காப்பீடு, பேங்குல பேச்சு, மாசக் கணக்கு. வேலைக்கு அப்ளை பண்ணவே வேண்டாம். தூங்குங்க.

11 முதல் 30 வரை: ரெஸ்யூமே மாத்தறது, பழைய மேனேஜர், டீம் மேட், கிளையன்ட்னு 40 பேர் லிஸ்ட். தினம் ரெண்டு பேருக்கு போன். "வேலை இருக்கா"ன்னு கேட்காம, "உங்க டீம்ல இப்போ எதுக்கு ஆள் தேடறாங்க?"ன்னு கேளுங்க. தமிழ்நாடு அரசோட தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்துல பதிவு பண்ணிடுங்க, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தற முகாம் தேதிகளையும் பாருங்க.

31 முதல் 60 வரை: ஒரே ஒரு புதுத் திறமை. பத்து கோர்ஸ் சர்டிபிகேட் வேண்டாம், வேலை செய்ற மாதிரி ஒரு சின்ன புராஜெக்ட் காட்டுங்க. அது உள்ளூர் அரிசி ஆலைக்காரருக்குப் பண்ணதா இருந்தா இன்னும் நல்லது, இடைவெளி காலத்துல என்ன பண்ணீங்கங்கிற கேள்விக்கு அதுவே பதில்.

61 முதல் 90 வரை: இன்டர்வியூ எத்தனை வருதுன்னு பாருங்க. வரவே இல்லைன்னா ரெஸ்யூமேலயும் தேடற இடத்துலயும் குறை. வந்து கடைசி சுற்றுல போகுதுன்னா பயிற்சியில குறை. ரெண்டுக்கும் மருந்து வேற வேற. 90-வது நாள் திரும்பவும் மாசக் கணக்கைப் போடுங்க. 6 மாசத்துக்குக் கீழே இறங்கியிருந்தா, சம்பள எதிர்பார்ப்பைக் குறைச்சு, கிடைக்கிற கான்ட்ராக்ட் வேலையை எடுத்துடுங்க.

கடைசியா, வீட்ல சொல்றது. கல்யாணம் ஆனவங்கன்னா கணவன், மனைவிகிட்ட முதல் நாளே, எண்களோட சொல்லிடுங்க. "வேலை போச்சு"ன்னு மட்டும் சொன்னா பயம் வரும். "வேலை போச்சு, 14 மாசத்துக்குப் பணம் இருக்கு, இதுதான் திட்டம்"னு சொன்னா பேச்சு வேற மாதிரி போகும். தெருவுல பெரியப்பா, மாமா கேட்டா "ஊர்ல இருந்து வேலை பார்க்கற மாதிரி தேடிக்கிட்டு இருக்கேன் மாமா"ன்னா போதும். அது பொய்யும் இல்லை.

மாசக் கணக்கை எக்ஸெல் ஷீட்ல எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா போடறோம். அதுவரைக்கும் ஒரு நோட்டுல பேனாவால போட்டுப் பாருங்க. வேலை இழந்த ஒரு நண்பர் உங்களுக்குத் தெரிஞ்சா இதை அனுப்பிவிடுங்க. கூடவே ஒரு போனும் பண்ணுங்க.